தகரக் கூரையும் ஆலங்கட்டி மழையும்: ஊவாத் தோட்டத்து லயக் காம்பரா ஒன்றை முன்வைத்து வளிமண்டலவியல், விலங்கியல், மாமியாரியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு ஊவா மாகாணத்தின் பல இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைக் கேட்கும் வீடுகள் இரண்டு வகைப்படும்: சீலிங் உள்ளவை, சீலிங் இல்லாதவை. முதல் வகை வீட்டில் மழை ஒரு செய்தி. இரண்டாம் வகை வீட்டில் அது விருந்தாளி. சொல்லாமல் வரும், உட்கார இடம் கேட்கும், போகும்போது பாயை நனைத்துவிட்டுப் போகும்.

இவ்வாய்வு இரண்டாம் வகை வீட்டைப் பற்றியது. சித்திரை மாதத்து ஆலங்கட்டி மழையின்போது, பதுளை மாவட்டத்துத் தோட்ட லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றின் ஒரு காம்பராவில் (அறையில்) மனிதர், நாய், பூனை, கோழி, பசு ஆகிய உயிர்கள் நடந்துகொள்ளும் முறை இங்கே ஒழுங்காகப் பதிவுசெய்யப்படுகிறது. தோட்டத்தின் பெயர் ஆய்வு நெறி கருதித் தவிர்க்கப்பட்டது. துரை வாசித்துவிடக்கூடும் என்பதும் ஆய்வு நெறிக்குள் அடங்கும்.

கருதுகோள்: சீலிங் இல்லாத வீட்டில் சாதாரண வானிலை என்று ஒன்று கிடையாது.

1. ஆய்வுக் களம்

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து பெரும்பாலான பக்கம் பஸ் ஏறினால் மேடுதான். பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டும். அப்புத்தளை 1,400ஐத் தாண்டும். நமுனுகுலை உச்சி 2,000ஐத் தாண்டும். இவற்றைச் சூழ்ந்த சரிவுகளில்தான் பசறை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, ஹாலிஎல, பூனாகலை என்று தேயிலையும் லயமும் மாறி மாறி வருகின்றன.

ஊவாவின் வானிலை மேற்குச் சரிவிலுள்ள ஹட்டன்காரர்களுடைய வானிலைக்கு நேர் எதிராக நடக்கும். வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கும், அமுங்கினால் சூடேறும், சூடேறினால் ஈரம் வற்றும். இதுவே கச்சான். ஆடி, ஆவணியில் கச்சான் வாட்டும்போது தேயிலைச் செடி கொழுந்தைச் சுருக்கிக்கொண்டு, அந்தத் தவிப்பிலேயே ஒரு தனி வாசனையைக் கூட்டிக்கொள்கிறது. அதற்குத்தான் கொழும்பு ஏலத்தில் ஊவா சீசன் என்று பெயரும் விலையும். அந்த வாசனையில் மெதைல் சாலிசிலேற்று என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள் வேதியியலார். மூட்டுவலித் தைலத்தில் மணப்பதும் அதே பொருள்தான். ஆகவே ஏல மண்டபத்தில் தேநீரை உறிஞ்சித் துப்புகிறவர் மெச்சும் வாசனையும், மலையிலிருந்து இறங்கி வந்த நம் காம்பராவின் பாட்டியான அப்பாயி ராத்திரி முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனையும் வேதியியல்படி ஒரே குடும்பம்.

மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை. இந்த இரண்டு பருவங்களுக்கும் இடையில் கிடைக்கும் பங்குனி, சித்திரையும் ஐப்பசி, கார்த்திகையும் இடைப்பருவம். காலையில் கண் கூசும் வெயில். பதினொரு மணிக்கு நமுனுகுலை மேல் ஒரு வெள்ளை மேகம். ஒரு மணிக்கு அதே மேகம் கறுத்து, தலை பரந்து நிற்கும். இரண்டு மணிக்கு மேல் இடி. ஆலங்கட்டி விழுவதானால் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் விழும்.

சித்திரை இவ்வாய்வுக்கு உகந்த மாதமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வருசப் பிறப்புக்குக் கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வந்துவிடுவதால், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆய்வுக்குட்பட்டோர் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும்.

2. கருவிகள்

2.1 தகரம். 1829இல் லண்டன் துறைமுகக் கம்பனியின் பொறியியலாளர் ஹென்றி ராபின்சன் பாமர், நெளிவு போட்ட இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் பிரான்சின் ஸ்தானிஸ்லாஸ் சொரெல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் சேர்ந்ததே நம் தகரம். பாரம் குறைவு, கப்பலில் அடுக்க வசதி, தச்சன் தேவையில்லை. கப்பல் சரக்கு வைக்கும் கொட்டகைக்காகக் கண்டுபிடித்த கூரை, அந்தக் கப்பலுக்குச் சரக்கு விளைவிக்கிறவர்களின் வீட்டுக்கும் போதும் என்று யாரோ எங்கோ தீர்மானித்திருக்கிறார். அந்தத் தீர்மானம் இன்னும் ஆணியோடு இருக்கிறது.

தகரத்தின் மேல் கச்சானுக்குப் பறக்காதிருக்கக் கல், பழைய டயர், மண் நிரப்பிய உரப்பை ஆகியன வைக்கப்பட்டிருக்கும். ஆலங்கட்டி விழும்போது இது கல்லின் மேல் கல் விழும் அபூர்வச் சோதனைக்கூடமாகிறது.

2.2 சட்டி முட்டி. அலுமினியச் சட்டி, செம்பு, பேசின், வாளி, பெயின்ட் வாளி, அப்பாயியின் சீதனப் பித்தளை அண்டா. இவற்றின் அளவுப் பெறுமதியைக் கணக்கிடுவது சுலபம். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் பரப்பு சுமார் 11 சதுர மீற்றர். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் அந்த ஒரு காம்பராவின் தலையில் மட்டும் விழுவது 800 லீற்றருக்கு மேல். அதில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது என்று கூரைக்குச் சாதகமாக வைத்துக்கொண்டாலும் எட்டு லீற்றர். அது ஒரே இடத்தில் விழாமல் பல ஒழுக்காக விழுவதால், ஒழுக்குக்கொரு சட்டி போய், சோறு ஆக்கப் பாத்திரம் இல்லாமல் போகும்.

2.3 தோட்டத்து மழைமானி. இது ஆபீஸ் வாசலிலோ பங்களாப் புல்தரையிலோ இருக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்து எழுதுவது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம். வானத்திலிருந்து தோட்டத்துக்கு எவ்வளவு வந்தது என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தோட்டத்திலிருந்து காம்பராவுக்குள் எவ்வளவு வந்தது என்பதற்குப் புத்தகம் கிடையாது. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

3. முன்னோர் ஆய்வுகள்

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை. தும்பி தாழப் பறந்தால் மழை. இந்த இரண்டு கோட்பாடுகளும் தமிழ்கூறும் நல்லுலகில் பல தலைமுறையாக நிதி ஒதுக்கீடு இல்லாமலே சோதிக்கப்பட்டு வருகின்றன.

அசாதாரண மழை என்றால் ஊவா பின்தங்கிய மாகாணம் அல்ல. 2012 நவம்பரில் மொனராகலை மாவட்டத்துச் செவனகலையில் சிவப்பு மழை பெய்தது; அதே காலத்தில் பொலன்னறுவைப் பக்கத்து மனம்பிட்டியிலும் பெய்தது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரைச் சோதித்து, திரக்கெலோமோனஸ் என்ற நுண்பாசியே நிறத்துக்குக் காரணம் என்றது. 2014 மே மாதத்தில் சிலாபத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் மீன் மழை பெய்தது. விரல் நீள மீன்கள் வீட்டுக் கூரையிலும் வீதியிலும் விழ, ஊரார் பொறுக்கி எடுத்தார்கள். நீர்நிலை மேல் சுழன்ற காற்று மீனைத் தூக்கி வந்திருக்கும் என்பது பொதுவான விளக்கம். ஊவாவில் மீன் விழுந்ததாகத் தெரியவில்லை. காம்பராப் பூனை இதைத் திணைக்களத்தின் பாரபட்சமாகவே கருதுகிறது.

4. கோட்பாட்டுப் பின்னணி

ஆலங்கட்டி எப்படி உண்டாகிறது என்பதில் அறிவியலுக்கும் அப்பாயிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அப்பாயியின் கொள்கை: சொல் பேச்சுக் கேளாத பிள்ளைகள் ஊருக்கு வந்தால் விழும். அறிவியலின் கொள்கை: வெயிலில் சூடான காற்று மலைச்சரிவில் வேகமாக மேலேறும்போது மழைத்துளிகளையும் தூக்கிக்கொண்டு போகிறது. நம் வானில் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றருக்கு மேல் உறைகுளிர். அங்கே பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாமல் கிடக்கும் நீர்த்துளிகள் ஒரு பனிப் பொடியில் ஒட்டி உறைகின்றன. கீழிருந்து வரும் காற்று தாங்கும் வரை கட்டி பெருக்கும்; தாங்காதபோது விழும். கட்டியை வெட்டிப் பார்த்தால் பால் நிறமும் கண்ணாடி நிறமுமாக அடுக்குகள் தெரியும்.

தாழ்நாட்டில் இதே கட்டி வரும் வழியில் கரைந்து வெறும் மழையாகிவிடுகிறது. 1,300 மீற்றர் உயரத்து லயத்துக்கு அந்த அளவு வழி மிச்சம். மலைநாட்டான் வானத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் சரக்கு கெடாமல் வந்து சேர்கிறது. அரசாங்கத்து நிவாரணத்துக்கு இந்த விதி பொருந்துவதில்லை.

5. அவதானிப்புகள்: மனிதர்

5.1 அப்பாயி. இவரே வீட்டின் இடிமானி. மின்னல் வெட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று தொடங்குவார். இடி கேட்டதும் நிறுத்துவார். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். நிதானமான ஓர் அர்ச்சுனா ஒரு வினாடி. ஆகவே மூன்று அர்ச்சுனா ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் வெளியே நிற்காதே என்பது உலகெங்கும் சொல்லப்படும் பாதுகாப்பு விதி. அப்பாயி அதைப் படிக்காமலே கடைப்பிடிக்கிறார். இம்முறையில் ஒரு குறை உண்டு. இடி நெருங்க நெருங்கப் பயத்தில் உச்சரிப்பும் வேகமாகும், எண்ணிக்கை கூடும், ஆபத்து தலைக்கு மேல் நிற்கும்போது அது பசறைக்கு அப்பால் நிற்பதாகக் கருவி காட்டும்.

5.2 மாமியாரும் மருமகளும். முதல் கட்டி விழுந்து தகரம் "டங்" என்றதும் வீட்டில் தொடங்குவது பாத்திரப் பங்கீடு. எந்த ஒழுக்குக்கு எந்தச் சட்டி என்பதில் மாமியார் மரபுவாதி, மருமகள் நவீனத்துவவாதி. பின்வரும் உரையாடல் களத்தில் பதிவானது:

"ஏ புள்ள, அண்டாவ எதுக்கு அங்க வெச்ச? சாமி முன்னுக்கு ஒழுகுறது தெரியலியா?"

"சாமி மேல விழல மாமி. அரிசி மேலதான் விழுது."

"அரிசியக் குடுக்குறதே சாமிதான்."

"அப்ப சாமியக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க மாமி."

இறுதியில் மாரியம்மன் படமும் அரிசி மூட்டையும் கட்டிலின் மேல் ஒன்றாக ஏற்றப்பட்டன. அண்டா இரண்டுக்கும் பொதுவான ஓர் ஒழுக்கின் கீழ் வந்தது. மாமியாரியலில் இதற்குச் சமரசம் என்று பெயர். மழை விட்டதும் செல்லாது.

5.3 குடும்பத் தலைவர். கூரையைப் பார்த்து, "இந்த வருசம் தகரம் மாத்தத்தான் வேணும்" என்பார். இந்த வாக்கியம் ஒவ்வொரு சித்திரையிலும் சொல் மாறாமல் வருவதால் இதை ஒரு பருவநிலை மாறிலியாகக் கொள்ளலாம். தொடர்ந்து, ஆணி ஓட்டைக்குத் தாரும் பழைய சேலைத் துண்டும் வைத்து அடைத்தது எந்த வருசம் என்ற விவாதம் எழும். கூரை தோட்டத்துடையது, ஒழுக்கு மட்டும் நம்முடையது என்பதில் எல்லாரும் உடன்படுவர்.

5.4 கொழும்பிலிருந்து வந்தவர். இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) நின்று கைபேசியில் படம் பிடிப்பார். அனுப்பிய படத்தில் வெள்ளைப் புள்ளிகளும் பேரிரைச்சலும் தவிர வேறொன்றும் இராது. ஆனாலும் வெள்ளவத்தை நண்பர்கள் "சுவிட்ஸர்லாந்து மாதிரி இருக்கு" என்று பதில் அனுப்புவர். சுவிட்ஸர்லாந்தில் அந்த நேரம் எந்தச் சட்டி எங்கே வைக்கப்பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை.

5.5 சிறுவர். பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்து, செம்பு நிறையக் கட்டி பொறுக்கி, சீனியும் தேசிக்காய்ப் புளியும் கலந்து தின்பர். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் காசு கொடுக்காத ஐஸ். வயிறு கடுத்தால் அதற்கு முன்தினம் தின்ற பலகாரம் காரணமாக்கப்படும்.

5.6 பொது அவதானிப்பு. இரண்டு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகள் மணிக்கு 15 முதல் 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்து விழுகின்றன. ஆயிரக்கணக்கில் அவை வெறும் தகரத்தில் விழும்போது உள்ளே ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. யார் எங்கே படுப்பது, யார் போன வருசம் காசு அனுப்பவில்லை என்று காலையிலிருந்து நடந்த சண்டை அந்தச் சில நிமிடங்களுக்கு வெறும் வாயசைவாகிறது. விடுமுறை முழுவதிலும் குடும்பம் ஒற்றுமையாக இருந்தது அந்த நேரத்தில்தான் என்பதைத் தரவுகள் காட்டுகின்றன.

6. அவதானிப்புகள்: பிற உயிர்கள்

6.1 நாய். பெயர் சீசர். மேல் லயத்து நாய்கள் நான்கையும் ஒரே நேரத்தில் துரத்தும். எனினும் வானம் முழுதும் இருளுமுன்பே வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுகிறது. மனிதக் காது 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும்; நாய்க் காது 45,000 வரை போகும்; மெல்லிய ஓசையும் அதற்குத் தெளிவாகக் கேட்கும். நமக்கு வந்து சேராத தூரத்து இடி அதற்கு வந்து சேர்ந்துவிடுவதாகக் கருதலாம். கட்டிலடிக்குச் சீசர் போய்விட்டது என்றால் கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டியதுதான். திணைக்களம் மாகாணத்துக்குச் சொல்கிறது. சீசர் காம்பரா இலக்கம் வரை சொல்கிறது.

6.2 பூனை. சூடு ஆறாத அடுப்புத் திட்டில் படுத்திருக்கும். இடிக்கு அசைவதில்லை. மேலே ஒரு சொட்டு விழுந்தால் மட்டும், கண்ணைத் திறக்காமல், ஒரு சாண் தள்ளிப் படுக்கும். மறுபடி சொட்டினால் மறுபடி ஒரு சாண். மழை முடியும்போது பூனை எங்கே படுத்திருக்கிறதோ, அந்த இடத்துக்கு மேலே மட்டும் தகரம் சரியாக இருக்கிறது என்று பொருள். காம்பராவின் ஒழுகா நிலப்படம் இதுவரை வேறு எந்த முறையிலும் வரையப்படவில்லை. அன்றிரவு கைக்குழந்தையின் பாய் பூனையை எழுப்பிவிட்டு அங்கேதான் விரிக்கப்படுகிறது. பூனை இதை ஆய்வுத் திருட்டு என்று கருதுவதற்கு எல்லா நியாயமும் உண்டு.

6.3 கோழி. தாய்க்கோழி முதல் கட்டி விழுந்ததுமே குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையின் சுவரோடு ஒட்டிவிடும். சேவல் மட்டும் வாசலில் உருளும் கட்டி ஒன்றைச் சோள மணியென்று கொத்தி, அலகு சில்லிட்டுத் தலையைச் சாய்த்து அதைப் பார்க்கும். இன்னொரு முறை கொத்தும். பிறகு, அதைத் தான் கொத்தவே இல்லை என்பதுபோல அப்பால் நடந்துவிடும். கல்விமான்கள் பலரிடமும் இந்த நடையைக் காணலாம்.

6.4 பசு. மாட்டுக் கொட்டிலுக்கும் அதே தகரம். கட்டி விழும் நேரம் முழுவதும் கயிறு இறுகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிற்கும். அன்று மாலை பால் அரைப் போத்தல் குறையும். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் படங்குச் சேலை நனைய, கூடையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டால், எடுத்த கொழுந்து நிறை காணாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும். ஆலங்கட்டி விழுந்த நாளில் லயத்தில் அரைப்பேர் வாங்குவது மனிதர் மட்டுமல்ல என்பது இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்புகளில் ஒன்று.

7. லய அளவுகோல்

1805இல் பிரான்சிஸ் போபோர்ட் என்ற கடற்படை அதிகாரி, கப்பலின் பாய் காற்றுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டு காற்றின் வேகத்தைத் தரம் பிரித்தார். கருவி வேண்டியதில்லை, கண் போதும் என்பதே அதன் சிறப்பு. ஆலங்கட்டிக்குப் பிரிட்டனில் டொரோ என்ற அளவுகோல் உண்டு; பட்டாணியிலிருந்து தொடங்கிப் பத்தாம் தரம் வரை போகும். நமக்கு அவ்வளவு வேண்டாம். உள்ளூர்ச் சூழலுக்கு ஏற்ப ஆறு தரம் முன்மொழியப்படுகிறது.

தரம் 0: மேகம் மட்டும். சீசர் கட்டிலடியில். மற்றவர் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

தரம் 1: மிளகு அளவு. தகரத்தில் யாரோ மணல் வீசுவது போலிருக்கும். பக்கத்துக் காம்பராப் பையன்கள்மீது சந்தேகம்.

தரம் 2: கடலை அளவு. கத்திப் பேச வேண்டும். டிவி பிளக் கழற்றப்படும். பூனை முதல் சாண் நகரும்.

தரம் 3: நெல்லிக்காய் அளவு. பேச்சு நின்று கைச்சாடை. அண்டா களத்தில் இறங்கும். மாரியம்மனும் அரிசியும் கட்டில் ஏறுவர். மரக்கறித் தோட்டத்து லீக்ஸும் கோவாவும் கிழியும். கொழுந்தில் ஓட்டை விழும்.

தரம் 4: தேசிக்காய் அளவு. துருவேறிய தகரத்தில் புது ஓட்டை. குடும்பத் தலைவர் தம் வாக்கியத்தை இரண்டாம் முறை சொல்வார்.

தரம் 5: இதற்கு மேற்பட்டவை. களத்தில் அவதானிக்கப்படவில்லை, அவதானிக்க விருப்பமும் இல்லை. 1986 ஏப்ரல் 14இல் பங்களாதேசத்துக் கோபால்கஞ்சில் விழுந்த ஒரு கட்டியின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அத்தகைய ஒன்றுக்குத் தகரம் கூரையே அல்ல.

8. கெரிச்சோ கருதுகோள்: தொழிற்சங்க நோக்கு

உலகிலேயே ஆலங்கட்டிக்குப் பேர்போன இடங்களில் ஒன்று தேயிலை மலை என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. கென்யாவின் கெரிச்சோ, நண்டி மலைப் பகுதியில் ஓர் ஆண்டில் 132 நாள் ஆலங்கட்டி விழுந்ததாகப் பதிவு உண்டு. விக்டோரியா ஏரியிலிருந்து வரும் ஈரக்காற்று மேட்டுநிலத்தில் மோதி எழும்புவது முதல் காரணம். இதற்கு மேல் ஒன்றையும் ரசல் ஷ்னெல் என்ற ஆய்வாளர் தம் சகாவுடன் சேர்ந்து 1982இல் எழுதினார்: கொழுந்து எடுப்பவர்களின் கால்பட்டுத் தேயிலைச் சருகுத் தூள் காற்றில் கிளம்புகிறது, அந்தத் தூளும் அதில் வாழும் நுண்ணுயிரும் மேகத்தில் நீர் உறைவதற்கு வித்தாகின்றன.

மலையிலிருந்து கிளம்பும் தூள் உலகத்தைத் திருப்பிப்போடும் என்பது ஊவாவுக்குப் புதிதன்று. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் கண்ட ஆரஞ்சு நிறத் துருநோய்த் தூள், காலப்போக்கில் இலங்கையின் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. இந்த லயமும் இந்த ஆய்வும் அந்தத் தூளின் விளைவுகளே.

ஷ்னெலின் கருத்தை ஊவாவுக்குப் பொருத்தினால் சட்டச் சிக்கல் எழுகிறது. தொழிலாளியின் காலால் ஆலங்கட்டி விளைகிறது என்றால் அதுவும் உழைப்பின் உற்பத்தியே. செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஏற வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு வேண்டும். தொழிற்சங்கங்கள் கவனிக்க. ஆனால் அதே கட்டி கொழுந்தைக் கிழிப்பதால் கம்பனி நட்டக் கணக்கு காட்டும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் தொழிலாளி கம்பனிக்குப் பாக்கி என்று முடியும் என்பதால், இக்கருதுகோளை இத்துடன் நிறுத்துவது நலம்.

9. அளவுகோலுக்கு வெளியே

ஒரு விடயத்தை இந்த அளவுகோலில் சேர்க்க முடியாது. ஆலங்கட்டி சத்தம் போட்டு வந்து, கால் மணி நேரத்தில் போய்விடும். சத்தமில்லாமல் நாள்கணக்கில் பெய்யும் மழைதான் ஊவாவில் உயிரை எடுத்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் மழைக் கணக்கு மூன்று படி: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். இந்த எச்சரிக்கையை வானொலி சொல்லும்போது அது பெரியதொரு பகுதிக்குப் பொதுவானது. மழை மலைக்கு மலை வேறு. இந்த இடத்தில் 2.2இல் கண்ட சட்டி முட்டி வேறு பெறுமதி பெறுகிறது. பக்கம் நேராக நிற்கும் வெறும் வாளி ஒன்றை மரம், கூரை மறைக்காத வெளியில் வைத்து, மறுநாள் காலையில் பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பார்த்தால் மழை தெரியும். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் முதல் படி. பதினைந்து என்றால் சட்டி தேடாமல் ஆளைத் தேட வேண்டும்.

வெளியேறச் சொல்லும்போது லயத்தில் முதலில் எழும் கேள்வி, "மாட்ட என்னா செய்யிறது?" என்பதே. பாடசாலை மண்டபத்திலோ கோயிலிலோ மாட்டுக்கு இடமில்லை. ஒரு பசு ஒரு குடும்பத்தின் பால் காசு, பிள்ளையின் பள்ளிச் செலவு, கலியாணத்துக்குச் சேர்த்த பணம். அதைக் கட்டிப்போட்டுவிட்டு வர மனமில்லாமல் ஆட்கள் தங்கிவிடுகிறார்கள். அல்லது போனவர்கள் புல் போட இருட்டில் திரும்பி ஏறுகிறார்கள். வெளியேற்றத் திட்டம் எழுதும் அதிகாரிகள் இதை அறியாமை என்று குறித்துக்கொள்வதுண்டு. மாட்டுக்கும் ஒரு பட்டி குறித்து வைத்தால் மனிதர் தாமாகவே இறங்கி வருவர். குறைந்தபட்சம் கயிற்றையாவது அவிழ்த்துவிட்டு வரச் சொல்லலாம்.

10. முடிவுகளும் பரிந்துரைகளும்

கருதுகோள் நிறுவப்பட்டது. சீலிங் இல்லாத காம்பராவில் தூறலும் ஒரு நிகழ்ச்சி, கச்சானும் ஒரு நிகழ்ச்சி, ஆலங்கட்டி ஒரு திருவிழா. அசாதாரணம் என்று வானிலையைச் சொல்கிறோம். அளந்து பார்த்தால் அசாதாரணமாக இருப்பது நூறு வருசத்துக்கு மேலாக மாறாத கூரைதான். வானம் வழக்கம்போல்தான் நடந்துகொண்டிருக்கிறது.

இவற்றின் அடிப்படையில் பரிந்துரைக்கப்படுவன:

ஒன்று. மழைமானிப் புத்தகத்தில் பங்களா, ஆபீஸ் என்ற இரண்டுக்கும் பக்கத்தில் லயம் என்று மூன்றாவது நிரல் போட வேண்டும். அலகு: சட்டி.

இரண்டு. ஒவ்வொரு லயத்துக்கும் நேர்ப்பக்க வாளி ஒன்றும் அடிமட்டம் ஒன்றும் வழங்க வேண்டும். விலை, கருத்தரங்கு ஒன்றின் தேநீர்ச் செலவைவிடக் குறைவு.

மூன்று. வெளியேற்றத் திட்டங்களில் பசுவின் பெயரும் எழுதப்பட வேண்டும். பெரும்பாலும் அது லெச்சுமியாகவே இருக்கும்.

நான்கு. வீடமைப்புக் கூட்டங்களை இனிமேல் சித்திரை மாதத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், தகரக் கூரையின் கீழ் நடத்த வேண்டும். பேச்சாளரின் வாக்குறுதிகள் ஒருவர் காதிலும் விழாது. கூரை மட்டும் பேசும். தீர்மானம் விரைவில் நிறைவேறும்.

ஒரேயொரு காம்பராவை வைத்துக்கொண்டு மாகாணத்துக்கே முடிவு சொல்லலாமா என்று பரீட்சகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவர்கள் வரும் சித்திரையில் குடும்பத்தோடு வந்து ஓர் இரவு தங்கி மாதிரியைப் பெருக்கிக்கொள்ளலாம். தேத்தண்ணியும் ரொட்டியும் ஆளுக்கொரு சட்டியும் தரப்படும். படுக்கும் இடத்தைப் பற்றி மட்டும் பூனையோடு பேசிக்கொள்ள வேண்டும்.